பேசியவர்கள்

எனக்குச் சத்தம் ஆகாது. ஆசிரியை வேலைக்கு வந்தவள் இப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து காலைப் பேருந்தில் நசுங்கி ராஜபாளையத்தில் இறங்கும்போதே தலை விண்விண் என்று தெறிக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் விசைத்தறிகள் கடகடவென்று ஓடும். அதற்கு மேல் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கூச்சல். இது எண்பதுகளின் நடுவில். பெரும்பாலும் மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய வீடுகள் என்பதால், "தண்ணி குடிச்சிட்டு வாரேன் டீச்சர்" என்பதைக்கூடச் சண்டைக்கு வருவதுபோலத்தான் சொல்வார்கள்.

அதனால் எல்லா வகுப்பிலும் இருந்த முறையையே நானும் வைத்திருந்தேன். நான் வெளியே போனால் வகுப்புத் தலைவி சாக்பீஸை எடுத்துக்கொள்வாள். கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, வாய் திறந்தவர்களின் பெயரை எழுதுவாள். அதற்குப் பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் 'அடங்கவில்லை' என்று சேர்ப்பாள். பெயருக்கு உள்ளங்கையில் ஓர் அடி, அடங்காததற்கு இன்னொன்று. அந்தப் பெண் இந்த வேலையை ஆசை ஆசையாகச் செய்தாள்.

ஆடி மாதம் ஒரு சிறுமி புதிதாக வந்து சேர்ந்தாள். மகாராஜபுரத்துப் பிள்ளை. கோடையில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். ஊருக்குப் பாயும் பிளவக்கல் அணையில் தண்ணீர் இல்லை, வயல் வேலையும் இல்லை. அப்பா பிள்ளையை ராஜபாளையத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். வந்த நாளிலிருந்து வகுப்பில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரைக் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவாள். வாசிக்கச் சொன்னால் புத்தகத்தோடு எழுந்து நிற்பாள், அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் கண்டிப்பான மனிதர். "அரைப்பரீட்சையில வாய்விட்டு வாசிக்கலைன்னா நாம வச்சுக்கிட முடியாது டீச்சர். பேச்சு வராத பிள்ளைகளுக்குன்னு மதுரைப் பக்கம் ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்கு. அங்க சேத்துரச் சொல்லுங்க" என்றார்.

பெரியம்மாவை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். பேண்டேஜ் துணி நெய்யும் தறியிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹாஸ்டல்னு மட்டும் சொல்லிராதீங்க டீச்சர். எங்க வீட்டுக்காரவிய, எப்படா இவளை அனுப்புவோம்னு இருக்காவ. காதுல விழுந்தா மறுநாளே பெட்டியக் கட்டிருவாவ. பொறவு இவ அப்பன் வந்து எம்பிள்ளை எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

அன்று முதல் அவளைப் பேசவைப்பதே என் வேலையாயிற்று. கெஞ்சினேன். கொஞ்சினேன். பொறுமை எனக்கு எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் வகுப்பு அதிரக் கத்திவிட்டேன். "ஏட்டி, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசேன்! பேசுனா முத்தா உதிர்ந்துரும்?"

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "பேசுனா அடிப்பீங்கள்ல டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. அவன் குறும்புக்குக் கேட்கவில்லை; அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. வகுப்பு முழுவதையும் வாயைப் பொத்தச் சொல்லிவிட்டு ஒருத்தியை மட்டும் பேசு பேசு என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் புரியும்? எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் மீது இல்லை.

மறுநாள் முதல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் தரையில் வட்டமாக உட்காரவைத்தேன். காலையில் கண்ணில் பட்டது எதையாவது ஆளுக்கொன்று சொல்லவேண்டும். சொல்ல இஷ்டமில்லாதவர்கள் பக்கத்துப் பிள்ளையின் கையைத் தொட்டால் போதும், முறை அங்கே போய்விடும். யாரையும் கேலி செய்யக் கூடாது. இந்தக் கூத்தைப் பார்த்துத் தலைமையாசிரியர் முறைத்ததால், மற்ற நேரங்களுக்குக் கரும்பலகை முறை அப்படியே இருந்தது.

ஒருத்தி வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. குட்டிகளின் நிறத்தைச் சொல்லவே அவளுக்கு நேரம் போதவில்லை. வகுப்பிலேயே அதிகம் கத்துகிற பையன், "எங்கப்பா நைட் ஷிப்ட். பகல்ல தூங்குவாரு. வீட்ல நாங்க மூச்சுவிடக் கூடாது" என்றான். அவனைத்தான் நான் அதிகம் அடித்திருந்தேன். அன்று மாலைப் பேருந்தில் அவனை நினைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்தச் சிறுமி தன் முறை வந்ததும் பக்கத்துப் பிள்ளையின் கையைத் தொடுவாள். முதலில் விரல் நுனியால் தொட்டவள், போகப் போகக் கையைப் பிடித்து அமுக்கத் தொடங்கினாள். யாரும் கேலி செய்யவில்லை. வகுப்புத் தலைவியே வலியப் போய் அவள் பக்கத்தில் இடம் பிடித்தாள். ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. தீபாவளி போயிற்று. அரைப்பரீட்சை நெருங்கியது.

கார்த்திகையில் ஒரு மதியம் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். ஹாஸ்டலுக்குக் கடிதம் எழுதிவிடலாமா என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் சார்."

"எம்புட்டு நாள்?"

அந்த நேரம் பார்த்து என் வகுப்பிலிருந்து ஓவென்று ஒரு கூச்சல். அவர் பிரம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

நாங்கள் நுழைந்ததும் வகுப்பு கப்சிப். கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். அந்தச் சிறுமியின் பெயர். பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'அடங்கவில்லை'. வகுப்புத் தலைவி சாக்பீஸை நெஞ்சோடு அணைத்தபடி, "பேசிட்டா டீச்சர்!" என்றாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். சிறுமியோ வகுப்பு வழக்கப்படி எழுந்து வந்து, தலைமையாசிரியர் முன்னால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சார்..." என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அடங்கவில்லைன்னு போட்டிருக்கே. அப்படி என்னம்மா பேசுன?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். மேற்கே மலை கறுத்துக் கிடந்தது.

"மலையில மழை விழுது சார்." குரல் கரகரவென்று இருந்தது. "அணைக்குத் தண்ணி வரும். தண்ணி வந்தா வந்து கூட்டிட்டுப் போறேன்னு எங்கய்யா சொல்லிட்டுப் போனாரு. தண்ணி வந்தா எங்க ஊர்ல எல்லாரும் நெல்லு நடுவாக..."

தலைமையாசிரியர் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஹாஸ்டலுக்கு எழுத இருந்த கடிதத்தைப் பற்றி அவர் அதன்பிறகு வாயே திறக்கவில்லை. அவளோ நீட்டிய கையை மடக்கக்கூட மறந்து, வாய்க்காலையும் வயலையும் அம்மா நட்ட முருங்கையையும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி மணி அடிக்கும்வரை அடங்கவில்லை.