ஆர்டிஸ் டோலஃப்சனும் மூன்று அங்குலப் பிளவும்

டுவேன் ஹாவ்லிக் இறந்த செய்தியை ஆர்டிஸ் டோலஃப்சன் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில்தான் படித்தாள். ஓ கிளேர் ஊருக்கு வடக்கே, ஆளில்லாமல் தானாக இறங்கும் ரயில்வே கேட்டில், பால் டேங்கர் லாரி மீது சரக்கு ரயில் மோதிவிட்டது. ஓட்டி வந்த டுவேன் அங்கேயே போய்விட்டார். போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட் இறங்கியிருந்ததைப் பார்த்தார்கள். இறங்கிய கேட்டைச் சுற்றிக்கொண்டு அவசரமாகக் கடந்திருக்கிறார், தவறு அவருடையது என்று விசாரணை முடிந்தது.

அந்த கேட்டை இயக்கும் பெட்டிக்குள் இருந்த கார்டு, அதாவது மின்சுற்றுப் பலகை, எங்கள் கம்பெனியுடையது. அதில் செப்புக் கோடுகளை வரைந்தவன் நான். அந்தக் கோடுகளில் சிக்னல் கெடாமல் போய்ச் சேருமா என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டவள் ஆர்டிஸ்.

அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. விவாகரத்தானவள், குழந்தைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் தேவாலயத்தில் பாடுவாள், வெள்ளிக்கிழமை எங்களோடு பொரித்த மீன் சாப்பிட வருவாள். எங்களைக் கிண்டல் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "லைல், நீ கோடு போடற லட்சணத்தைப் பாத்தா எங்கப்பாவோட மாடே தேவலாம், நேரா நடக்கும்" என்பாள்.

விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து, கேட் பெட்டியின் பதிவுகள் கோப்பில் வைப்பதற்காக எங்களிடம் வந்தன. யாரும் படிக்காத காகிதம் அது. ஆர்டிஸ் படித்தாள். படித்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"லைல், நடுவுல ஒன்பது விநாடி காணோமே. எங்க போச்சு?"

"அன்னிக்கு மின்னல் வெட்டிக்கிட்டே இருந்துது. பதிவு கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். விடேன்."

அவள் சுவரில் ஒட்டியிருந்த கார்டு வரைபடத்தில், ஓர் இடத்தில் விரலை வைத்தாள். அது எந்த இடம் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

கார்டில் கோடுகளுக்கு அடியில் ஒரு செப்புத் தகடு பரந்து கிடக்கும், கிரவுண்ட் என்போம். கோட்டில் போகிற மின்சாரம் நேர் கீழே அந்தத் தகட்டின் வழியாகத்தான் திரும்பி வரும். தகட்டில் பிளவு இருந்தால் அது பிளவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அப்படிச் சுற்றும்போது அந்த வளையம் ஆன்டெனா மாதிரி வெளியே இருக்கிற மின் இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மின்சப்ளை பிரிவின் இரைச்சலை ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள் என்று கடைசி வாரத்தில் மூன்று அங்குல நீளத்துக்குப் பிளவு வெட்டியவன் நான். கார்டை மறுபடி தொடக்கிவிடும் ரீசெட் கோடு அந்தப் பிளவின் மேலே போவது எனக்குத் தெரியும். ஆர்டிஸுக்கும் எழுதி அனுப்பினேன். பிளவோடு சேர்த்துக் கணக்கிட கணினிக்கு நான்கு நாள் ஆகும். கார்டு திங்கட்கிழமை போயாக வேண்டும். தகடு முழுசாக இருப்பதாக வைத்துக்கொள் என்ற கட்டத்தில் அவள் ஒரு டிக் அடித்தாள். அரை மணியில் பதில் வந்தது: சரி.

இப்போது அந்த டிக்கை எடுத்துவிட்டு ஓட்டினாள். நான்கு நாள் அவளுடைய கணினி இரைந்துகொண்டே கிடந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் அந்த கேட்டுக்குக் காரை ஓட்டிப் போய், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்று கேள்விப்பட்டு, மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன். முன் கதவைத் திறக்கப் போனேன்.

"பின்னால உக்காரு."

"ஏன்? இங்க காலியாத்தானே இருக்கு?"

"இல்ல" என்றாள். "யாரோ உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு. அந்தப் பதிவப் படிச்சதிலேருந்து. நான் திரும்பிப் பாக்கறதில்ல."

நான் பின்னால் உட்கார்ந்தேன். ரயில் வந்தது. மணி அடித்தது, கேட் ஒழுங்காக இறங்கியது. ஆர்டிஸ் வாய்க்குள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணினாள். ஒன்பதில் ரயில் வெகு அருகே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த இருக்கையை நானும் நேராகப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. திரையில் பிளவின் இரண்டு முனைகளிலும் சிவப்பு குழம்பி நின்றது. தண்டவாளத்தில் மின்னல் இறங்கினால் ரீசெட் கோட்டில் பாயும் துடிப்பு, கார்டை அணைத்து மறுபடி எழுப்பப் போதும். எழுந்திருக்க ஒன்பது விநாடி. அதுவரை கேட் தூக்கியபடியே நிற்கும். பிறகுதான் இறங்கும், ரயில் மோதின பிறகும்கூட; போய்ப் பார்த்தவர்கள் கண்டது அப்படி இறங்கிய கேட்டைத்தான்.

கணினி சொன்னது மட்டும் போதாது என்று, உண்மையான கார்டின் கேபிளில் மின்னல் மாதிரிப் பொறி பாய்ச்சும் பரிசோதனைக் கூடத்துத் தீப்பொறித் துப்பாக்கியால் சுட்டாள். பதினோராவது முறை கார்டு செத்து எழுந்தது. என் கையிலிருந்த கடிகாரத்தில் ஒன்பது விநாடி.

மேலாளர் வெண்டல் ப்ரைஸ் கதவைச் சாத்தினார். "பதினொண்ணுல ஒண்ணு. விசாரணை முடிஞ்சுபோச்சு, ஆர்டிஸ். எதுக்குக் கிளறற?"

"செத்தவன் மேல பழியப் போட்டு முடிச்சிருக்காங்க."

"உன் கையெழுத்துதான் அதுல இருக்கு. தெரியுமில்ல?"

"அதனாலதான் வந்தேன்."

மறுநாளே வேலையை விட்டாள். கண்டதையெல்லாம் எழுதிய அறிக்கையை எடுத்துக்கொண்டு ரயில்வே பாதுகாப்பு ஆய்வாளர்களிடம் நேரே போனாள். அதற்குப் பிறகு டுவேனின் மனைவி மர்லாவைப் பார்க்கப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று ஆர்டிஸே பின்னால் என்னிடம் சொன்னாள்.

மர்லா கதவைப் பாதிதான் திறந்தாளாம். அப்படி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாளாம்.

"அவரு கேட்டச் சுத்திக்கிட்டுப் போகலியா?"

"இல்லீங்க. கேட் இறங்கவே இல்ல."

"அவசரக்குடுக்கன்னு அவரக் கல்லறை வரைக்கும் திட்டிக்கிட்டே போனேன், தெரியுமா உங்களுக்கு? மண்ணு போடறப்பகூட நான் அழல."

ஆர்டிஸ் மன்னிப்புக் கேட்டாள். "அத நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லி மர்லா கதவைச் சாத்திவிட்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு கேட்டுகளில் கார்டை மாற்றினார்கள். விசாரணை முடிவைத் திருத்தினார்கள். ஓட்டுநர் மேல் தவறில்லை என்ற வரியை மர்லா வாரப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போடவைத்தாள். ஆர்டிஸ் இப்போது புளூமரில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணியும் பெயின்ட்டும் விற்கிறாள். "நிம்மதியா இருக்கியா?" என்று ஒரு தடவை கேட்டேன். "தூங்கறேன்" என்றாள், அவ்வளவுதான்.

அவளுடைய அறிக்கையில் என் பெயர் இல்லை. பிளவு பற்றி முன்பே தெரியும், தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று தன்னைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தாள். நானும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. போன இலையுதிர் காலத்தில் தீவனக் கடையில் மர்லா மூட்டையை வண்டியில் ஏற்ற முடியாமல் நின்றாள். நான் தூக்கி வைத்தேன். நன்றி சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பேரென்ன என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை.