ஜனாஸாக் கூடத்துக்குப் பதினைந்து தப்படி

இதில் ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால், எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றே விழட்டும். இது நடந்தது. ஃபெஸ் பழைய நகரத்தில், எங்கள் தெருப் பள்ளிவாசலில், பட்டப்பகலில்.

எங்கள் பள்ளிக்குள் ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலை, கொண்டுவர மாட்டார்கள். பின்சுவருக்கு அப்பால் ஒரு கூடம், அங்கேதான் இறக்குவார்கள். இமாம் மட்டும், தொழுகை நடத்த நிற்கும் மாடத்துக்குப் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, இருட்டான இடைவழியில் பதினைந்து தப்படி நடந்து அங்கே போவார். அந்த இடைவழியைப் பெருக்குவது பள்ளிப் பணியாள் துஹாமியின் வேலை.

அன்று காலை 7.10. பக்கத்து வீட்டு புஷ்தா துஹாமியிடம் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணே, ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன். உங்க தம்பி ஜீலாலி போயிட்டான். மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் கொண்டாந்துடுவாங்க."

"சரி. கூடத்தக் கழுவி வைக்கிறேன்."

"இமாம் எல்லார்கிட்டயும் 'செத்தவர மன்னிச்சீங்களா'ன்னு கேப்பாரு. இன்னிக்காவது சொல்லிடுங்கண்ணே."

"கேட்டதும் கொட்டறதுக்கு என் வாயென்ன தெருக்குழாயா?"

பதினோரு வருடம். துஹாமிக்கு நிச்சயம் செய்த ராதியாவை ஜீலாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து பேச்சில்லை. ஒரே தெரு. ரொட்டி சுட ஒரே பொது அடுப்பு. ஒரு வார்த்தை கிடையாது.

12.40. துஹாமி துடைப்பத்தோடு இடைவழிக்குள் நுழைந்தார். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கும் என்று நினைத்தார். அங்கே காற்று வர வழியே இல்லை.

பத்தாவது தப்படியில் ஒரு வாடை. சுண்ணாம்பும் புறா எச்சமும். தோல் ஊறும் தொட்டியின் வாடை... ஜீலாலி வேலை பார்த்த தொட்டி.

பதினைந்து எண்ணிவிட்டார். எதிர்க்கதவு வரவில்லை. இருபது... இருபத்தேழு...

சரக்... சரக்...

பின்னால் செருப்புச் சத்தம். நின்றார். அதுவும் நின்றது.

"அண்ணே."

துடைப்பம் கைநழுவி விழுந்தது.

"ஒரே ஒரு வார்த்தைண்ணே. மன்னிச்சேன்னு."

"செத்தும் வெக்கமில்லையாடா உனக்கு?"

"நேரமில்லண்ணே..."

பிடரியில் மூச்சு பட்டது. சூடாக.

"சொல்லுண்ணே..."

"மாட்டேன். போய்த் தொலை!"

மூச்சு நின்றது.

வாடை போயிற்று.

கதவு மூக்குக்கு நேரே இருந்தது. தள்ளிக்கொண்டு போய் விழுந்தார். கூடத்துக் கடிகாரத்தில் 12.52.

லுஹர் முடிந்தது. ஜனாஸா வரவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தது. இமாம் கேட்டார். கூட்டம் "மன்னித்தோம்" என்றது. துஹாமி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் புஷ்தா தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "காலைல நான் பாத்தப்போ கண்ணு செருகியிருந்துச்சு. கொஞ்சம் முந்திட்டேன், கோவிச்சுக்காதீங்கண்ணே" என்று ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினான்.

அதில் ஜீலாலியின் உயிர் பிரிந்த நேரம்: பகல் 12.52.