மீடியம் அக்கா இளைத்த கதை

அந்தத் தையல் கூடத்தில் அவளுக்கு இரண்டு வேலை. ஒன்று தைப்பது, இன்னொன்று சும்மா நிற்பது. சும்மா நிற்பதற்குத்தான் அங்கே மதிப்பு அதிகம்.

சீருடை தைக்கும் இடம் அது. எந்த ஆர்டர் வந்தாலும் கட்டிங் மாஸ்டர் முதலில் நடு அளவில் ஒரே ஒரு சட்டை தைத்து, அவள்மேல் மாட்டிப் பார்ப்பார். தலையும் கையும் இல்லாத பொம்மை ஒன்று மூலையில் நிற்கத்தான் செய்தது. ஆனால் மாஸ்டருக்கு அதைக் கண்டால் ஆகாது. "பொம்மை மூச்சு விடாது, குனியாது, கையத் தூக்கி ஒட்டடை அடிக்காது. அது மேல சரியா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்பார். அவள்மேல் சட்டை சரியாக உட்கார்ந்துவிட்டால் மொத்தத் துணியும் மேஜைக்கு வரும், கத்தரி ஓடும். அதனால் அவளுக்குப் பெயரே மீடியம் ஆகிவிட்டது. சின்னவர்களுக்கு மீடியம் அக்கா, மாஸ்டருக்கு வெறும் மீடியம். மகளைப் பெற்றெடுத்து, அந்த மகள் கல்லூரிக்குப் போகிற வயதாகியும், கூடாமல் குறையாமல் நின்ற உடம்பு. அதில் அவளுக்கு லேசாகக் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே.

வினை ஒரு மதியச் சாப்பாட்டில் வந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும். மாஸ்டர் தன் மாமனாருக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்ல, கூடமே சிரித்தது. அவளும் வாய் நிறைய முட்டையோடு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மூச்சு வரவில்லை, இருமல் வரவில்லை, சத்தமும் வரவில்லை. எதிரே இருந்தவர்கள் அவளும் சிரிக்கிறாள் என்றே நினைத்து அவளைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். பொத்தான் தைக்கும் பெண்தான் முகம் மாறியதைக் கண்டு ஓடி வந்து, குனியவைத்து, முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். மஞ்சள்கரு உருண்டை மேஜைமேல் வந்து விழுந்தது. தண்ணீர் கொடுத்தார்கள், நெஞ்சை நீவி விட்டார்கள், "மறுபிறவிதான் போ" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் மெஷின்கள் மறுபடி ஓடின. அவளும் உட்கார்ந்து காலர் தைத்தாள்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது. ரொட்டியை மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், விழுங்க வரவில்லை. தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. எல்லோரும் சிரிக்கச் சிரிக்கத் தான் செத்துப்போகும் காட்சி கண்முன் வந்து நின்றது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, வயிறு சரியில்லை என்றாள்.

அடுத்து பல்வலி என்றாள். அதற்கடுத்து நாக்கு செத்துப்போச்சு, எதுவும் பிடிக்கவில்லை என்றாள். ரொட்டி போயிற்று, இறைச்சி போயிற்று, பழத்தில் தோல் உள்ளதெல்லாம் போயிற்று. பால், சூப், குழைத்த வாழைப்பழம் என்று வாழ்க்கை சுருங்கியது. அதையும் வீட்டில் ஆள் இருக்கும்போதுதான் குடிப்பாள், தனியாக இருந்தால் தண்ணீருக்கே பயம். கணவருக்குப் பேருந்து ஓட்டும் வேலை. அவர் சாப்பிடும் நேரத்தில் அவள் கூடத்தில் இருப்பாள், அவள் சாப்பிட வேண்டிய நேரத்தில் அவர் ஏதோ ஒரு சிக்னலில் நிற்பார். "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்ற ஒரு வரி அந்த வீட்டில் நன்றாகவே செல்லுபடியானது. மகள் மட்டும் ஒருநாள், "என்னம்மா, கன்னம் ஒட்டிப்போச்சு" என்றாள். "வெயில்" என்றாள் அம்மா. வெயிலுக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தமோ, மகள் பரீட்சை அவசரத்தில் இருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் ஊரே பார்த்திருக்கும். தொளதொளவென்று தொங்கும் உடுப்பு காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் இவள் தையல்காரி. உடம்பு இளைக்க இளைக்க உடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்தாள். எப்போதும் கச்சிதமாக இருந்தாள். அந்தத் தையலும் மதியச் சாப்பாட்டு வேளையில்தான் நடந்தது. எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்காரும்போது, "இந்த ஒரு தையல முடிச்சுட்டு வரேன்" என்று மெஷினிலேயே இருந்துவிடுவாள். முதலாளியம்மா மற்றவர்களிடம், "பாருங்க, வேலைன்னு வந்துட்டா சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு" என்று பெருமையாகச் சொல்வார். அவள் குனிந்த தலை நிமிராமல் தைப்பாள்.

அப்போது ஒரு தங்கும் விடுதியின் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சட்டை ஆர்டர் வந்தது. பெரிய ஆர்டர். மாஸ்டர் வழக்கம்போல் முதல் சட்டையை அவளுக்கு மாட்டினார். அவளும் வழக்கம்போல் உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அவர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடி நின்றாள். சட்டை இரண்டு பக்கமும் காற்றாடியது. மாஸ்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"என்னடா இது, கை தடுமாறிப் போச்சா எனக்கு? ரொம்ப லூசா இருக்கே."

அவளுக்குத் தெரியும். தவறு அவர் கையில் இல்லை, தன் இடுப்பில் இருக்கிறது என்று நன்றாகவே தெரியும். வாயில் ஊசி இருந்தது ஒரு சாக்கு. அவள் பேசவில்லை. அவர் பக்கத்துக்குப் பக்கம் பிடித்து ஊசி குத்தி, வெட்டுவதற்கான மாதிரி அட்டையில் அளவைக் குறைத்து வரைந்து, மொத்தத் துணியையும் வெட்டிவிட்டார்.

சட்டைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. நடு அளவில் ஒன்றுகூட ஒருவருக்கும் பொத்தான் பூட்ட வரவில்லையாம். முதலாளியம்மா மூட்டையை மேஜைமேல் போட்டார். குரலை உயர்த்தவில்லை, அதுவே பயமாக இருந்தது.

"மாஸ்டர், உங்களுக்குக் கண்ணு சரியா தெரியுதா? சொல்லிட்டா நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

மாஸ்டர் மூட்டையைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு சட்டையை எடுத்து அளந்தார், மறுபடி அளந்தார். வாழ்நாள் முழுக்க நம்பிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கத்தரியைத் துடைத்து உறையில் போட்டார். அவர் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கத்தரியை உறையில் போடுவார். அப்போது வேலை நேரம் பாதிகூட ஆகவில்லை.

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து வந்து, தன் மேல்சட்டையின் ஓரத்தை மடித்து உட்பக்கத்தைக் காட்டினாள். ஒன்றுக்குள் ஒன்றாக வரிவரியாகத் தையல். உள்ளே மடிந்து கிடந்த துணி மட்டும் ஒரு கைப்பிடி இருந்தது.

"மாஸ்டர் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் மீடியம் இல்ல."

சொல்லிவிட்டு அழுதாள். முட்டை முதல் முழுக்கதையும் வந்தது. பொத்தான் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். மாஸ்டர் மட்டும் அந்த உட்தையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணிய வெட்டாமத்தான விட்டிருக்க?"

"வெட்டல மாஸ்டர்."

"அப்ப பிரிச்சுக்கலாம் விடு" என்றார். சட்டைகளுக்குச் சொன்னாரா அவளுக்குச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் எல்லாச் சட்டையிலும் தையலுக்கு உள்ளே கூடுதல் துணி விட்டிருந்தார். அது அவருடைய பழக்கம். மூட்டை அவிழ்ந்தது, ஆளுக்கொரு அடுக்காகப் பிரிக்க உட்கார்ந்தார்கள்.

அன்று மாலையே மாஸ்டர் அவள் கணவருக்குப் போன் போட்டுவிட்டார். அவர் சீருடைகூட மாற்றாமல் வந்து சேர்ந்தார். "ஊர்ல யார் எங்க இறங்குறாங்கன்னு தெரியுது, கட்டின பொண்டாட்டி சாப்பிடலன்னு தெரியல எனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தையாவது திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, வழி சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி, விழுங்கப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த டாக்டரம்மா அவசரப்படாத மனுஷி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"தொண்டைல ஏதோ உருண்டை அடைச்ச மாதிரி இருக்கும்ல?"

"ஆமா. எப்பவும்."

"உருண்டை எதுவும் இல்ல. பயத்துல தசை இறுகிக்குது, அது உங்களுக்கு உருண்டை மாதிரி படுது. அன்னைக்கு நடந்தது நிஜம், பயந்ததுல தப்பே இல்ல. ஆனா அது திரும்ப வருதான்னு நீங்க ஒவ்வொரு வாய்க்கும் காவல் காக்கறீங்க. காவல் காக்கக் காக்க அது இறுகும். சரி, நாள் பூரா என்ன வேலை பண்றீங்க?"

அவள் சொன்னாள். துணி, மெஷின், உதட்டில் குண்டூசி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஊசியோடவே எச்சில் முழுங்குவீங்களா?"

"முழுங்கித்தான் ஆகணும், வாய் நிறைஞ்சுடுமே."

"பயமா இருக்காதா?"

"அதுல என்ன பயம், பழக்கம்தானே."

கூட வந்திருந்த கணவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவைப் பார்த்தார், அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அவளுக்கே வந்துவிட்டது. வாழைப்பழத்துக்குப் பயந்து, குண்டூசியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள், சிரித்து முடித்தும் மூச்சு வந்துகொண்டிருந்தது.

"முதல் வேலையா அந்த ஊசிய வாயிலேருந்து எடுங்க, அதுதான் நிஜமான ஆபத்து" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. கவனம் கைல இருந்தா உங்க தொண்டை அது பாட்டுக்கு வேலை பாக்குது."

பிறகு வழி சொன்னார். சின்னதாகக் கடிக்க வேண்டும், நன்றாக மெல்ல வேண்டும். விழுங்கும் முன் தோளைத் தளர்த்தி நீளமாக மூச்சை விட வேண்டும். குழைத்ததில் தொடங்கி, மெதுவானது, பிறகு கொஞ்சம் கெட்டியானது என்று ஏற வேண்டும். தனியாக வேண்டாம், மனுஷர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒருநாள் முடியாமல் போனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

சொன்னதுபோல் எல்லாம் வரிசையாக நடந்துவிடவில்லை. வாழைப்பழம் வந்தது, கரண்டியில் மெத்தென்று பொரித்த முட்டை வந்தது, நடுவில் ஒரு வாரம் மறுபடி சூப்புக்கே போனாள். கணவர் பணிநேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டு, இரவில் எதிரே உட்கார்ந்து பேருந்துக் கதைகளாகச் சொல்லித் தள்ளினார். பாதி கதை பொய் என்று அவளுக்குத் தெரியும். பொத்தான் பெண் மிச்சத் துணியில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஊசி மெத்தை ஒன்று தைத்துக் கொடுத்து, "இனிமே வாயில ஊசியப் பாத்தேன், முதுகுல மறுபடி விழும்கா" என்று மிரட்டினாள். இதற்கிடையே வந்த ஆர்டர்களுக்கு மாஸ்டர் வேண்டா வெறுப்பாகப் பொம்மைக்கே மாட்டிப் பார்த்தார். அதனோடு அவர் சண்டை போடுவது கூடம் முழுக்கக் கேட்கும்.

ஒரு மதியம். மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், அவளும்தான். இடதுபக்கம் ஒரு தட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் இருந்தன. மடியில் அவளுடைய மேல்சட்டை. அது இரண்டு நாளாக அக்குளில் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தது, அதனால் உட்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூல் சிக்கலாக இருந்தது. ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தபடி, கை போன போக்கில் தட்டிலிருந்தும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டர் மாமனார் கால்சட்டைக் கதையை மறுபடி எடுத்திருந்தார். ஆனால் வேறு மாதிரி சொன்னார், இந்தத் தடவை மாமனார் தோற்றார்.

கடைசி நூல் உருவி வந்ததும் துணியை உதறிப் பிடித்தாள். உள்ளே மடிந்து கிடந்த பாகம் மட்டும் சாயம் போகாமல் புதுசாக இருந்தது. இன்னொரு துண்டு எடுக்கக் கையை நீட்டினாள். தட்டு காலி.

அவள் தட்டைப் பார்த்தாள். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்த பொத்தான் பெண்ணிடம், "என் முட்டைய நீ எடுத்தியா?" என்றாள்.

"நான் எதுக்குக்கா எடுக்கறேன். நீங்கதான் சாப்பிட்டீங்க. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்."

மாஸ்டர் கதையை நிறுத்திவிட்டார். அவள் கையைத் தொண்டையில் வைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

மாஸ்டர் எழுந்து போய், புது ஆர்டர் சட்டையைப் பொம்மைமேலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"எழுந்திரு மீடியம்" என்றார். "போட்டுப் பாக்கலாம்."