அவள் தேய்த்த கிண்ணங்கள்

கடைசல் பட்டறைக்காரர் செய்யும் மரக் கிண்ணத்தில் சாயம் கிடையாது, பூவேலை கிடையாது. கீறல் விட்ட மரத்தில் தூளையும் பசையையும் அடைத்துப் பளபளப்பாக்கும் வேலையும் கிடையாது. கீறல் கண்டால் நேரே அடுப்புக்குத்தான்.

"இது கிண்ணமா, உரலா?" என்று வாங்க வந்தவர்கள் கேலி செய்வார்கள்.

"கனமா இருந்தாத்தான் சூடு கையில ஏறாது. தினம் சாப்பிடுற பாத்திரம் சார், ஷோகேஸ்ல வைக்கிறதா?" என்பார்.

அவர் கடைவார். மனைவி உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசுவாள். "கிண்ணத்துல இருக்கிற கனம் பேச்சுல இல்லையே!" என்று அவள் சீண்டினால், மரச்சுருளை அள்ளி அவள் தலையில் கொட்டுவார். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் கலகலப்பு.

ஐம்பதைத் தாண்டியதும் அவர் கை நடுங்கத் தொடங்கியது. டீ தளும்பியது. சட்டைப் பொத்தான் வழுக்கியது. ஆனாலும் அவர் கலங்கவில்லை.

"உளியைப் பிடிச்சா நடுக்கம் நின்னுடுது. நீயே பாரேன்!" என்று அவள் தேய்த்து முடித்த கிண்ணத்தையே சாட்சியாகக் காட்டுவார். வழவழவென்று இருக்கும்.

அவள் தலையாட்டுவாள். உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

ஒருநாள் பேக்கரிக்காரர் துணியில் சுற்றிய மரத்துண்டுகளோடு வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, கொதிக்கிற பாலு. புள்ள மடியில வச்சிருந்தா. உங்க கிண்ணம் படக்குனு ரெண்டாப் போச்சு. தொடையெல்லாம்..." துணியை அவிழ்த்து நீட்டினார்.

பட்டறைக்காரர் ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். அட்டை போல மெலிந்திருந்தது. முகம் கடுத்தது.

"இது என் கிண்ணமே இல்ல. எவன்கிட்டயோ வாங்கிட்டு என் பேரைச் சொல்றியா?"

"உங்க கையாலதானே வாங்கினேன்! புள்ள ஆஸ்பத்திரியில கிடக்கிறப்ப பொய் சொல்லுவேனா?"

"என் தொழில் மேல சத்தியம்! என்னுது இல்ல!"

மூலையில் உட்கார்ந்திருந்தவள் கையிலிருந்து உப்புத்தாள் நழுவியது.

"என்னங்க, சத்தியம் பண்ணாதீங்க. நம்ம கிண்ணம்தான். நீங்க கடைஞ்ச இடமெல்லாம் அலை அலையா குழி விழுந்துது. பார்த்தா உடைஞ்சு போயிடுவீங்கன்னு, நீங்க கவனிக்கிறதுக்குள்ள வாங்கி, குழி மறையிற வரைக்கும் தேய்ச்சேன். இந்த ஒரு வருஷமா எல்லாத்தையும் அப்படித்தான் தேய்ச்சேன். மெலிசாகுதுன்னு தெரியும். உடையும்னு நினைக்கல."

அவர் தன் கையைப் பார்த்தார். அந்தத் துண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியே பேக்கரிக்காரரின் காலில் சரிந்தார்.

"என் கால்ல விழுந்தா புள்ள காயம் ஆறிடுமா?" பேக்கரிக்காரர் காலை உருவிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பட்டறைக்காரர் சாக்குப்பையோடு வீடு வீடாக ஏறினார். "என் கை நடுங்குது. கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க." கிடைத்ததையெல்லாம் தன் கையாலேயே நெருப்பில் போட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாம்பல் ஆறிய பிறகு ஒரே ஒரு கிண்ணம் கடைந்தார். சுற்றிலும் அலை அலையாகக் குழி.

"இதைத் தேய்க்காதே" என்றார். அவள் எண்ணெய் மட்டும் பூசினாள்.

இப்போது அவரால் கரண்டி பிடிக்க முடியாது. அந்தக் கிண்ணத்திலிருந்து அவள்தான் ஊட்டுகிறாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பேக்கரிக்காரர் மகள் ஒரு காலை இழுத்தபடி வாசலைக் கடப்பாள். உடனே அவர் வாயை இறுக மூடிக்கொள்வார். அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை, நீட்டிய கரண்டியோடு அவள் காத்திருப்பாள்.