கேட் மூடியிருந்த நேரம்

பெருங்களத்தூர் மேம்பாலத்தில் இன்று மாலை வண்டிகள் ஊர்ந்தபோது, முன்னால் சென்ற ஸ்கூட்டரின் பையிலிருந்து வந்த கொய்யாப்பழ வாசம், பாலத்தின் அடியில் முன்பு இருந்த ரயில்வே கேட்டுக்கு என்னை அழைத்துப் போனது.

பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடிய அப்பா, என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வழியில், அந்தக் கேட் மூடியிருந்தால் மட்டுமே ஓய்ந்தார். மற்றவர்கள் வண்டியைச் சாய்த்துத் தடுப்புக்கடியில் நுழைந்து பறக்க, அவரோ ஸ்கூட்டரை அணைத்து, செருப்பைக் கழற்றி, மிளகாய்த்தூள் தூவிய கொய்யாவில் பெரிய பாதியை எனக்குத் தந்து, ரயிலின் காற்று வந்து சட்டையை உப்பச் செய்யும்வரை கண்மூடி அமர்ந்திருப்பார்.

"இன்னா சார், கேட்டு தொறந்தாச்சு, வூட்டுக்குப் போவலியா?" என்பார் கேட்டோரம் கொய்யா விற்கும் பழக்கார அக்கா.

"இருக்கட்டும்கா, இன்னொரு ரயில் போகட்டும்."

பாலம் வந்தது. ஊரே கைதட்டியது, அப்பாவும் தட்டினார். நேரம் மிச்சமானது, மிச்சமான நேரத்துக்கும் அவர் ஒரு வேலை தேடிக்கொண்டார். பிறகு அவர் ஓய்ந்தது மருத்துவமனைக் கட்டிலில்தான். அங்கிருந்து அவர் வீடு திரும்பவில்லை.

பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி அணைத்தேன்.

"யோவ், இன்னாய்யா பாலத்து மேல நின்னுகினு? பேஜார் பண்ணாத, போய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"அண்ணா, ஒரே ஒரு ரயில் போகட்டும்."

கீழே ரயில் போனது. அதன் காற்று இவ்வளவு உயரத்துக்கு எட்டவில்லை.