நாலு நிமிஷத்தில் வண்டி வரும்!

‘டிராப் எங்க சார்?’

இந்த மூன்று வார்த்தைகளை இனிமேல் யாராவது என்னிடம் கேட்டால், போனைத் தூக்கிக் காவிரியில் வீசிவிடுவேன். அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். சிரிக்கலாம் என்று இந்தப் பக்கத்துக்கு வரும் வாசகர்கள் இந்த வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ் வீட்டில் இருந்த சரோஜா டீச்சர் போன வாரம் காலமானார். ஒரே மகள் மாலதி, சிங்கப்பூரில் வேலை. ‘நான் வர்ற வரைக்கும் அம்மாவ எடுத்துடாதீங்க...’ என்று போனில் அழுதாள். நல்லவேளையாக, மறுநாள் காலை விமானத்திலேயே டிக்கெட் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். அவள் வரும் அன்றே சாயங்காலம் பெருமாள் புறப்பாடு. வீதியில் சடலம் இருந்தால் சுவாமி வர மாட்டார். அதனால் மதியத்துக்குள் எடுத்து, வீட்டைக் கழுவிவிட்டாக வேண்டும். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமும் எங்கள் பக்கம் கிடையாது. ஆக, மாலதி நேரத்துக்கு வீட்டுக்கு வந்தால்தான் அம்மா முகம்.

அவளை அழைத்துவர நான் ஏர்போர்ட் போனேன். திரும்பும்போது கார் பிடித்துக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் போனேன். விமானம் சரியான நேரத்துக்கு வந்தது. கடல் தாண்டி வருவதில் ஒரு பிரச்னையும் இல்லை. காவிரி தாண்டுவதில்தான் பிரச்னை!

வெளியே வரும்போதே மாலதி ஆப்பில் கார் புக் செய்திருந்தாள். ‘நாலு நிமிஷம் காட்டுது அங்கிள்’ என்றாள். வீட்டிலிருந்து அவள் சித்தப்பா போன் செய்தார். நானும் பெருமையாக, “நாலு நிமிஷத்துல கிளம்பிடுவோம்” என்றேன்.

டிரைவர் போன் வந்தது.

“டிராப் எங்க சார்?”

“ஸ்ரீரங்கம்.”

“கேஷா, ஆன்லைனா?”

“கார்டுங்க.”

கேன்சல்.

அடுத்த வண்டி. மறுபடியும் நாலு நிமிஷம். மறுபடியும் அதே கேள்வி. “ஸ்ரீரங்கமா? இன்னிக்குப் புறப்பாடு சார், உள்ள விட மாட்டாங்க. நீங்களே கேன்சல் பண்ணிடுங்க.” ஏன் நான் பண்ண வேண்டும்? அவர் பண்ணினால் கம்பெனி அவரைக் கேட்குமாம்!

மூன்றாவது கார் மேப்பில் ஒரே இடத்தில் நின்றது. டீக்கடையாக இருக்க வேண்டும். சித்தப்பா மறுபடியும் கூப்பிட்டார். ஸ்கிரீன் நாலு நிமிஷம் என்றது. நானும் நாலு நிமிஷம் என்றேன்.

சரி, இது வேலைக்கு ஆகாது என்று வாசலில் நின்ற டாக்சிக்காரர்களிடம் போனேன். “எவ்வளவு வேணாலும் கேளுங்க, உடனே கிளம்புங்க. சாவு வீட்டுக்குப் போகணும்” என்றேன். அதில் ஒருவர் மாலதி கையில் இருந்த போனைப் பார்த்தார்.

“இவ்ளோ நேரம் ஆப்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க? அதுலயே போங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சத்தியமாகச் சிரித்தார்கள்.

கடைசியில் ஒரு ஆப் டிரைவர் மனம் இரங்கினார். ஆனால் உள்ளே வர மாட்டாராம். வந்தால் ஸ்டாண்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம். “மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க சார்.” ராத்திரியெல்லாம் தூங்காத பெண், வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

போன வருஷம் நான் சிங்கப்பூர் போயிருந்தேன். ஊர் புதுசு. தெருவில் கையைக் காட்டினேன், டாக்சி நின்றது. உட்கார்ந்ததும் மீட்டர் ஓடியது. இன்னொரு நாள் ஆப்பில் புக் செய்தேன். சொன்ன கார், சொன்ன இடத்தில் வந்து நின்றது. யாரும் போன் பண்ணி என் ஜாதகத்தைக் கேட்கவில்லை. வெளிநாட்டுக்குப் போனால் தெரு டாக்சி நல்லதா, ஆப் நல்லதா என்று நம் ஆட்கள் வாட்ஸப்பில் சாவகாசமாக விவாதம் செய்கிறார்கள். அங்கே இரண்டும் வருகிறது, செய்யலாம். இங்கே மீட்டரும் ஓடாது, ஆப்பும் வராது. இந்த லட்சணத்தில் எதை எதோடு ஒப்பிட?

டிரைவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, தெரியும். கமிஷன் போக ஒன்றும் மிஞ்சுவதில்லை என்கிறார்கள். உண்மையாகவே இருக்கட்டும். அந்தச் சண்டையைக் கம்பெனியிடம் போடுங்கள். அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிற பெண்ணிடமா போடுவது?

பாலக்கரையில் நெரிசல். பாலத்தில் நெரிசல். ஸ்ரீரங்கத்துக்குள் தடுப்பு வைத்திருந்தார்கள். ராஜகோபுரத்திடம் இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ‘நாலு நிமிஷம் நாலு நிமிஷம்னு சொல்றாங்க, ஆளைக் காணோமே’ என்று சித்தப்பா முடிந்தவரை காத்திருந்துவிட்டு, அப்போதுதான் எடுக்கச் சொன்னாராம். மாலதி ஈரத் தரையில் அப்படியே நின்றாள். அழக்கூட இல்லை.

“சுடுகாடு எங்க அங்கிள்?”

“பொம்பளைங்க அங்க போறதில்லம்மா...” என்றார் பக்கத்து வீட்டு அம்மாள்.

“எங்கம்மாவ நான் பாக்கணும்க்கா” என்று சொல்லிவிட்டு, பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுத் தெருமுனைக்கு நடந்தாள்.

தெருமுனையில் சேகரின் ஆட்டோ. எனக்கும் அவருக்கும் பல வருஷப் பகை. ஆயுத பூஜைக்கு மீட்டருக்குப் பொட்டு வைப்பார், மாலை போடுவார், ஓட மட்டும் விட மாட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மாலதியைப் பார்த்துவிட்டார்.

“டீச்சர் பொண்ணா? ஏறும்மா. ஏறுங்க சார்.”

எங்கே என்று கேட்கவில்லை. எவ்வளவு என்று சொல்லவில்லை. சந்து சந்தாகப் புகுந்து கொள்ளிடக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே ஒரு குரல் கேட்டது: “முகத்த மூடப் போறோம், பாக்காதவங்க பாத்துக்கங்க!”

“இருங்கய்யா, பொண்ணு வந்துடுச்சு!” என்று கத்தியது சேகர்தான்.

மாலதி பார்த்துவிட்டாள். வாய்க்கரிசி போட்டாள். கன்னத்தைத் தொட்டுத் தொட்டு, “லேட்டாயிடுச்சும்மா... வண்டி கிடைக்கலம்மா...” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெற்ற தாயிடம் ஒரு மகள் கடைசியாகச் சொல்கிற வார்த்தையா அது? வண்டி கிடைக்கவில்லை என்பதா?

யாருமே அவளைத் தடுக்கவில்லை. சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சேகரைப் பற்றி மனம் உருகி இந்தப் பத்தியை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஜங்ஷன் போக வேண்டியிருந்தது. உரிமையோடு அவரையே கூப்பிட்டேன்.

“ஜங்ஷனா? அங்கேருந்து ரிட்டர்ன் சவாரி கிடைக்காதே சார்...” என்று மோவாயைத் தடவினார். மீட்டரில் பொட்டு புதிதாக இருந்தது.

நம் ஊரில் கேள்வி கேட்காமல் ஒரு வண்டி கிளம்ப வேண்டுமானால், வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும் போலிருக்கிறது!