நாய் கடித்தவர் கறி சாப்பிடலாமா?

போன செவ்வாய்க்கிழமை காலை. சட்னி அரைத்துவிட்டு வந்து ஈரக் கையோடு போனைப் பார்த்தேன். என் வலைப்பூவில் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது.

"ரொம்ப நன்றிங்க மேடம். நீங்க போட்டிருந்த மாதிரியே மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் பூசிப்போட்டனுங்க. நாய் கடிச்ச காயம் நல்லா ஆறிப்போச்சுங்க. ஊசிக்கு அலையற வேலை மிச்சமுங்க. - பாலு, தாராபுரம்."

எழுதுகிறவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி வந்தால் போதும், அன்றைக்குக் காப்பியே தேவையில்லை. நானெல்லாம் அதை வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டுகிற ஆள். அன்றைக்கு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்றால்... நாய் கடிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் பூசுங்கள் என்று நான் எழுதவே இல்லை. பூசாதீர்கள் என்றுதான் எழுதியிருந்தேன்!

காயம் ஆறிவிட்டதாம். நாய்க்கடியில் காயம் ஆறுவதா விஷயம்? மேலே தோல் மூடிக்கொள்ளும். கடித்தது வெறிநாய் என்றால், கிருமி உள்ளே நரம்பு வழியாகத் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். அறிகுறி தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு டாக்டர் கையில் அநேகமாக ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் பிழைக்கலாம். இதையெல்லாம் அதே பதிவில் எழுதித்தான் இருந்தேன். பாலு அதுவரை படிக்கவில்லை.

எப்படி நடந்தது இது?

என் வீட்டுக்காரர் சேவியரை இந்தப் பக்கத்தில் நான் போதுமான அளவு கேலி செய்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்காக: மோட்டார் பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். கொங்கு நாட்டில் ஒரு கிணறு விடாமல் எட்டிப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விற்பதற்கு ஏதாவது வேண்டும். வீட்டில் இருந்தது என் வலைப்பூதான்.

அதில் நான் டவுன் பஸ் ஜன்னல் சீட்டைப் பற்றி எழுதியிருப்பேன். கல்யாணப் பந்தியில் பாயசம் வராமல் போனதைப் பற்றி எழுதியிருப்பேன். தவறாமல் வந்து படிப்பவர்கள் என் சித்தி பெண்கள்.

"அம்மணி, நீ நல்லாத்தான் எழுதற. ஆனா யாரும் கேக்காத சரக்கைக் கடை பூரா அடுக்கி வெச்சிருக்கற" என்றார்.

கேட்கிற சரக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு ஏஐ கருவிக்குச் சந்தா கட்டினார். ஜனங்கள் இணையத்தில் தேடும்போது என்னென்ன வார்த்தைகளைத் தட்டுகிறார்கள், அதற்கு எத்தனை பேர் பதில் எழுதியிருக்கிறார்கள் என்று அது சொல்லும். கீவேர்டு ஆராய்ச்சி என்று பெயர். அந்த வார்த்தைகளை வைத்து எழுதினால், தேடுகிறவர் கண்ணுக்கு நம் பதிவு முதலில் தெரியுமாம்.

சேவியர் 'ஆரோக்கியம், குடும்பம்' என்று தட்டினார். கருவி மளமளவென்று கொட்டியது. ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் பச்சை அடையாளம். தேடுபவர்கள் அதிகம், போட்டி குறைவு, நல்ல வாய்ப்பு. அந்த வரி: 'நாய் கடி ஊசி போடாமல் குணமாக'.

எனக்குத் திக்கென்றது. ஊசி போடாமலா? யார் இவர்கள்? கடிவாயைக் கையால் பொத்திக்கொண்டு எந்த வீட்டில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறார்கள்? போட்டி ஏன் குறைவு என்று யோசித்தால் இன்னும் பயமாக இருந்தது. விஷயம் தெரிந்த யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அதனால் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அதைத்தான் கருவி வாய்ப்பு என்கிறது!

"பயந்தா ஆச்சா? ஊசி போட்டுக்கோங்கன்னு நீ எழுது. நாலு பேராச்சும் பொழைப்பாங்க" என்றார் சேவியர். நியாயமாகத்தான் பட்டது.

எழுதினேன். கருவி சொன்னபடியே எழுதினேன். துணைத்தலைப்பு சின்னதாக இருக்க வேண்டும் என்றது - 'நாய் கடி வீட்டு வைத்தியம்' என்று போட்டேன். விஷயத்தை வரிசையாக அடுக்கச் சொன்னது - நம் வீடுகளில் செய்கிற கூத்தையெல்லாம் அடுக்கினேன். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசுவது, மிளகாய்ப்பொடி வைப்பது, காப்பித்தூள் வைத்து அழுத்துவது. எல்லாம் முடிந்த பிறகு பெரிய எழுத்தில் எழுதினேன். 'இதில் எதையும் செய்யாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.'

பதிவு சில நாளில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சேவியர் சர்ச் வாசலிலேயே நின்றுகொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போனைக் காட்டினார். பங்குச் சாமியாரையும் விடவில்லை. "முதல்ல நிக்குது பாருங்க ஃபாதர்!"

முதலில் நிற்கிறது என்று பார்த்தோம். என்ன நிற்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

பாலுவின் பின்னூட்டத்துக்குப் பிறகுதான் நானே தேடிப் பார்த்தேன். தேடல் பக்கத்தின் உச்சியில், பதிவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்துக் காட்டுகிற பெட்டி. அதில் 'நாய் கடி வீட்டு வைத்தியம்' என்ற தலைப்பு. கீழே மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள். அதற்கும் கீழே என் வலைப்பூவின் பெயர். அவ்வளவுதான். 'செய்யாதீர்கள்' அதில் இல்லை. பெட்டியில் இடம் முடிந்துவிட்டது. பாலு இதைப் பார்த்துப் பூசிவிட்டு, நன்றி சொல்ல மட்டும் உள்ளே வந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க! கொஞ்சம் இங்க வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில், வாசலில் பேசிக்கொண்டிருந்தவர் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். போனை வாங்கிப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அதில் எனக்குப் பயம் இரண்டு மடங்கானது.

முதல் வேலையாகப் பதிவைத் திருத்தினேன். எச்சரிக்கையை உச்சிக்குக் கொண்டுபோனேன். அந்தப் பட்டியலை அடியோடு தூக்கினேன். ஆனால் தேடுகிற இடத்தில் பெட்டி உடனே மாறவில்லை. திரும்பத் திரும்பத் தேடினேன். சுண்ணாம்பு அங்கேயே உட்கார்ந்திருந்தது. என் பெயரும் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தது.

பாலுவுக்குப் பதில் எழுதினேன். 'தயவுசெய்து இப்பவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. காயம் ஆறினாலும் போங்க.' அவர் பார்க்க வேண்டுமே! நன்றி சொன்னவர் திரும்பி வந்து பார்ப்பாரா? நம் பக்கத்து ஆள் நன்றியைச் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது, கிளம்பிவிடுவார். மின்னஞ்சல் இல்லை. போன் நம்பர் இல்லை. பாலு, தாராபுரம். இவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

சேவியர் பழைய வாடிக்கையாளர் நம்பர்களைத் தேடி எடுத்துத் தாராபுரத்துக்குப் போன் போட ஆரம்பித்தார். "ஏனுங்க, அங்க பாலுன்னு யாரையாச்சும் நாய் கடிச்சுதுங்களா?"

ஒருவர், "பாலுங்க நெறைய இருக்கறாங்க. கடிபட்ட பாலுன்னு யாரும் இல்லீங்களே" என்றார். இன்னொருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாய் உங்களுதுங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

வெறிநாய்க்கடி முற்றினால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் என்பார்கள். அன்றைக்கு டம்ளரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பாலுவின் நினைப்பு வந்தது. முகம் தெரியாத மனிதர். நாற்பது வயது இருக்கும், ஒரு மொபெட் வைத்திருப்பார், அமராவதி ஆற்றுப் பக்கம் கொஞ்சம் தோட்டம் இருக்கும் என்று நானாகவே ஒரு உருவம் செய்துகொண்டேன். செய்திருக்கக் கூடாது. உருவம் வந்த பிறகு பயம் இன்னும் கூடிப்போனது.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த சேவியர் திடீரென்று நிமிர்ந்தார்.

"அம்மணி, ஆளைத் தேடி ஆகாது. மோட்டார் வாங்கிட்டுப் போனவன் ஊட்டை நாங்க எப்பத் தேடிப் போயிருக்கறோம்? அடுத்து என்ன கேட்டு வருவான்னு பாத்து, அந்தப் பொருளைக் கடை முன்னால வெச்சிருவோம். இந்தப் பாலு அடுத்து எதைத் தேடி வருவான்?"

கருவியைத் திறந்தோம். நாய்க்கடி பற்றித் தேடுகிறவர்கள் பிறகு எதைத் தேடுகிறார்கள் என்று கேட்டோம். வரிசையாக வந்தது. 'கடித்த இடத்தில் அரிப்பு.' 'கடித்த நாய் செத்துவிட்டால்.' ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறதே! அப்புறம் ஒரு வரி: 'நாய் கடித்தால் கறி சாப்பிடலாமா'.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம்மூரில் நாய் கடித்தால் ஊசி போடுகிறார்களோ இல்லையோ, பத்தியம் போட்டுவிடுவார்கள். கறி கூடாது, கோழி கூடாது. கறி இல்லாமல் ஒரு கொங்கு வீட்டு ஆள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை தாக்குப்பிடிப்பார்? ஒரு கெடா விருந்துக்கு அழைப்பு வந்தால்? நிச்சயம் தேடுவார்.

எங்கள் சர்ச்சுக்கு வரும் டாக்டர் ஒருவருக்குப் போன் செய்தேன். "கறிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. நாள் தள்ளிப் போயிருந்தாலும் ஊசி போட்டே ஆகணும். மொதல்ல ஆளை வரச் சொல்லுங்க" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். தலைப்பு: 'நாய் கடித்தவர் கறி சாப்பிடலாமா?' முதல் வரி: 'ஊசி போட்டுக்கொண்டு தாராளமாகச் சாப்பிடலாம்.' அடுத்த வரி: 'ஊசி போடவில்லை என்றால், காயம் ஆறியிருந்தாலும், நாள் கடந்திருந்தாலும், இப்போதே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.' ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தேன். இது மட்டும் ஒருவர் கண்ணில் பட்டால் அவர் என்ன செய்வார்? இதனால் யாராவது செத்துப்போவார்களா? இத்தனை வருடம் எழுதுகிறேன், என் வாக்கியங்களை இப்படிப் பயந்து பயந்து நான் படித்ததில்லை. நாம் முழுசாக எழுதுகிறோம். அவசரத்தில் இருப்பவர் துண்டாகத்தான் படிக்கிறார்.

மறுநாள் மாலை சர்ச்சில் நவநாள் ஜெபத்துக்குப் போனேன். முழங்காலில் நின்றுகொண்டு, "ஆண்டவரே, இந்த ஒரு பதிவை மட்டும் முதலிடத்துக்குக் கொண்டுவாரும்" என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ!

வியாழன் போயிற்று. புதுப் பதிவு எங்கோ அடியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் மேலே வந்தது. பழைய பெட்டியில் ஒருவழியாகச் சுண்ணாம்பு போய் 'செய்யாதீர்கள்' வந்திருந்தது. பாலுவிடமிருந்து ஒன்றுமில்லை. போன் சிணுங்கினாலே இரண்டு பேரும் பாய்ந்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பின்னூட்டம் வந்தது.

"மேடம், பாலுங்க. நாளைக்கு எங்க மச்சான் ஊட்டுல கெடா விருந்துங்க. பத்தியத்துல இருக்கற பாப்பா தனக்கும் கறி வேணும்னு ஒரே அழுகைங்க. குடுக்கலாமான்னு தேடுனனுங்க, உங்க எழுத்துத்தான் மொதல்ல வந்துச்சு. படிச்சதும் பகீர்னு ஆயிருச்சுங்க. பாப்பாவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டனுங்க. மொத ஊசி போட்டாச்சு. பாக்கி ஊசிக்குத் தேதி எழுதிக் குடுத்திருக்கறாங்க. இப்பக் கறி குடுக்கலாமுங்களா?"

பாப்பா!

மொபெட், தோட்டம், நாற்பது வயது... நாய் கடித்தது அவரை இல்லை. இத்தனை நாளும் நான் ஒரு குழந்தைக்காகப் பயந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியவே இல்லை. சேவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

'குடுங்க. வயிறு நிறையக் குடுங்க. பாக்கி ஊசி ஒண்ணுகூட விட்டுப்போடாதீங்க' என்று பதில் போட்டேன்.

டாக்டரிடமும் சொன்னேன். எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொன்னார். எனக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை.

அந்தப் பாப்பாவுக்குக் கறி பிடிக்காமல் இருந்திருந்தால்?